நீல விளக்கில் வைத்த குழந்தை

சகோதரி, பிறந்து மூன்று நாளான பிள்ளையை மஞ்சள் காமாலைக்காக நீல விளக்கின் கீழ் வைத்திருக்கிறார்கள், உடம்புக்குக் கெடுதலோ என்று கேட்டிருக்கிறீர்கள். பயப்படாதீர்கள். அது புற ஊதாக் கதிர் இல்லை. சுமார் 460–490 நானோமீட்டர் நீல ஒளி. தோலில் தேங்கி மஞ்சளாக்கும் பிலிருபின் என்ற பொருளை அந்த ஒளி உருமாற்றிவிடும்; அப்புறம் பித்தத்திலும் சிறுநீரிலும் அது எளிதாக வெளியேறும். 1956இல் இங்கிலாந்தின் ராச்ஃபோர்ட் மருத்துவமனையில், வெயில் காட்டிய குழந்தையின் மேனி வெளுத்திருக்க, துணி நுனி மூடிய முக்கோணத் திட்டு மட்டும் மஞ்சளாகவே இருந்தது. இந்தச் சிகிச்சையின் தொடக்கம் அதுதான். ஒளி பட்ட இடத்தில்தான் மஞ்சள் குறையும் என்பதால்தான் உடுப்பில்லாமல் படுக்க வைக்கிறார்கள். கண்மறைப்பு விலகாமல் பாருங்கள், அடிக்கடி பாலூட்டுங்கள். மலம் இளகிப் பச்சையாகப் போகலாம், பரவாயில்லை. ஜன்னல் வெயிலே போதும் என்று யார் சொன்னாலும் கேட்காதீர்கள். பிள்ளை பால் குடிக்காமல் துவண்டு கிடந்தால் உடனே செவிலியரைக் கூப்பிடுங்கள்.