மணி எப்படி 'க்யூபி' ஆனார்? மோர்ஸ் அனுப்புவோருக்கான கேள்வி-பதில்

கேள்வி: வானலையில் மோர்ஸ் குறிகளை (எழுத்துகளைப் புள்ளி, கோடு ஒலிகளாக்கும் முறை) நிமிடத்துக்கு 18 சொல் வேகத்தில் அனுப்புகிறேன். சிக்னல் பலமாக இருப்பதாகச் சொல்கிறார்கள். ஆனால் மணி என்ற என் பெயரை மட்டும் திரும்பத் திரும்பக் கேட்கிறார்கள். ஏன்?

பதில்: சிக்னல் பலமாக இருந்தும் பெயர் புரியவில்லை என்றால், குறை ஆன்டெனாவில் இல்லை; கையில் இருக்கிறது. புள்ளிக்கு ஒரு மாத்திரை, கோட்டுக்கு மூன்று மாத்திரை (நம் நெடிலுக்கு இரண்டுதான்). இது எல்லோருக்கும் தெரியும். மௌனத்துக்கும் மாத்திரை உண்டு என்பதைத்தான் மறந்துவிடுகிறோம். எழுத்துக்குள்ளே ஒன்று, எழுத்துகளுக்கு நடுவே மூன்று, சொற்களுக்கு நடுவே ஏழு. அவசரப்படும்போது முதலில் தேய்வது அந்த மூன்றுதான். உங்கள் பெயரில் (MANI) எம்மும் (– –) ஏவும் (· –) ஒட்டிக்கொண்டால் க்யூ (– – · –). 'என்' (– ·), 'ஐ' (· ·) இரண்டும் ஒட்டிக்கொண்டால் பி (– · · ·). நீங்கள் மணி என்று அனுப்ப, அவர் 'க்யூபி' என்று எழுதுகிறார். இதற்கு நேர்மாறான பிழையும் உண்டு. யாரையும் பொதுவாகக் கூப்பிடும் 'சிக்யூ' (CQ) அழைப்பை எழுத்துக்குள்ளேயே இழுத்து அனுப்பினால், இரண்டு என், ஓர் எம், ஓர் ஏ என்று கேட்கும்.

12 சொல் வேகத்துக்கு இறங்குங்கள். அங்கே புள்ளி 100 மில்லிவினாடி, எழுத்து இடைவெளி 300. அனுப்புவதைப் பதிவுசெய்து, மறுநாள் கேட்டு எழுதிப்பாருங்கள். அன்றே கேட்டால் விட்டுப்போனதை நினைவு நிரப்பிவிடும்.

கேள்வி: பேடிலும் (பக்கவாட்டில் அழுத்தும் கீ) கீயரும் (அதன் அழுத்தத்தைப் புள்ளி, கோடுகளாக்கும் மின்னணுக் கருவி) வாங்கினால் இது சரியாகிவிடுமா?

பதில்: பாதிதான். புள்ளி, கோடு, எழுத்துக்குள் வரும் இடைவெளி ஆகியவற்றைக் கீயர் பார்த்துக்கொள்ளும். எழுத்துகளுக்கும் சொற்களுக்கும் நடுவே விடும் இடைவெளி அப்போதும் உங்கள் பொறுப்பே.

கேள்வி: மேலும் கீழுமாக அழுத்தும் சாதாரண மோர்ஸ் கீயில் பத்து நிமிடம் அனுப்பினாலே கை வலிக்கிறது.

பதில்: விரலால் தட்டுகிறீர்கள் என்று நினைக்கிறேன். கீயை மேசையின் உள்பக்கம் தள்ளி வைத்து, முன்கை முழுவதையும் மேசையில் கிடத்துங்கள். குமிழை மூன்று விரல்களால் லேசாகப் பிடியுங்கள்; அசைய வேண்டியது மணிக்கட்டு. ஸ்பிரிங்கையும் சற்றுத் தளர்த்துங்கள். தந்தி அலுவலகங்களில் நாள் முழுக்க அனுப்பியவர்களுக்கு இந்த வலி தொழில்நோயாகவே இருந்தது. 1904இல் ஹோரஸ் மார்ட்டின் காப்புரிமை பெற்ற, பக்கவாட்டில் அசையும் வைப்ரோபிளெக்ஸ் கீ அவர்களுக்குப் பெரிய ஆறுதல். வலியோடு பயிற்சி வேண்டாம், நிறுத்திவிடுங்கள்.

கேள்வி: புதிதாகக் கற்கும் என் மகளுக்கு 5 சொல் வேகத்தில் தொடங்கலாமா?

பதில்: எழுத்தை அவ்வளவு மெதுவாக ஒலிக்கவிடாதீர்கள். புள்ளிகளை எண்ணும் பழக்கம் வந்துவிடும். பிறகு அதை மறக்கடிப்பது பெரும்பாடு. எழுத்து 18 சொல் வேகத்திலேயே ஒலிக்கட்டும். எழுத்துகளுக்கு நடுவே மட்டும் நீண்ட இடைவெளி விடுங்கள். ஃபார்ன்ஸ்வொர்த் முறை என்பது இதுதான். காது பழகப் பழக இடைவெளியைச் சுருக்கலாம். வானலையில் யாராவது 'க்யூஆர்எஸ்' என்று வேகம் குறைக்கச் சொன்னாலும் இப்படியே அனுப்புங்கள்.

கேள்வி: செய்தியின் முடிவைக் குறிக்கும் 'ஏஆர்' (AR) இரண்டு எழுத்துகளா?

பதில்: இல்லை, இடைவெளியே விடாத ஒரே குறி: டிடாடிடாடிட் ('டி', 'டிட்' புள்ளி; 'டா' கோடு).

கேள்வி: நடுவில் தவறிவிட்டால்?

பதில்: தொடர்ந்து எட்டுப் புள்ளிகள். பிறகு ஒரு சொல் இடைவெளி விட்டு, தவறிய சொல்லை முதல் எழுத்திலிருந்து அனுப்புங்கள்.