பல வகை இசையிலும் எல்பி (லாங் பிளே) இசைத்தட்டுகள் சேர்ப்பதில் என்ன இன்பம்? ஒரே வகையில் ஆழமாகப் போவது மேல் அல்லவா?

கர்நாடக இசை, ஜாஸ், ராக், சிம்பொனி, ஜமைக்காவின் ரெகே என்று கலந்து வாங்குகிறீர்கள். "சேகரிப்பு என்றால் ஒரே வகையாக இருக்க வேண்டும், இது கதம்பம்" என்று நண்பர்கள் சொல்வதாக எழுதியிருக்கிறீர்கள். அவர்கள் சொல்வதை நான் ஏற்கவில்லை. என் அலமாரியிலும் எல்லா வகையும் உண்டு. இசையைப் பற்றி எனக்குத் தெரிந்தவற்றில் பாதி, ஒரு வகைத் தட்டை எடுத்துவிட்டு அடுத்ததாக வேறொரு வகையைப் போட்டுக் கேட்டதால் தெரிய வந்ததுதான்.

முதலில், தட்டில் இசையை அளக்கும் அலகு பாட்டு அல்ல, பக்கம். எல்பியில் ஒரு பக்கத்துக்கு ஏறத்தாழ இருபது நிமிடம், கொஞ்சம் நெருக்கினால் இருபத்தைந்து. 1948இல் கொலம்பியா நிறுவனம் நிமிடத்துக்கு 33⅓ சுற்று ஓடும் எல்பியைக் கொண்டுவரும் வரை, 78 சுற்று அரக்குத் தட்டில் ஒரு பக்கத்துக்கு மூன்று நான்கு நிமிடம்தான். மணிக்கணக்கில் தோடி ராகம் வாசித்த நாதஸ்வர வித்வான் ராஜரத்தினம் பிள்ளை அந்தச் சில நிமிடங்களுக்குள் தோடியை நிறுத்திக் காட்டினார். அமெரிக்கக் கறுப்பின மக்களின் இசையான புளூஸைப் பாடியவர்களுக்கும் இருந்தது அதே சில நிமிடங்கள்தான். இரண்டையும் அடுத்தடுத்துக் கேளுங்கள். தொடங்கிய கணமே விஷயத்துக்கு வந்துவிடுகிற அவசரமும், ஒரு சொல்லையோ சுரத்தையோ வீணாக்காத கண்டிப்பும் இரண்டுக்கும் பொது. தட்டின் அளவு கலைஞனின் கையைப் பிடித்து நடத்தியிருக்கிறது. புளூஸ் மட்டும் சேர்ப்பவர் அதைப் புளூஸின் குணம் என்றே நினைத்துக்கொள்வார்.

எல்பி வந்ததும் அந்தக் கட்டு தளர்ந்தது. 1955இல் இந்துஸ்தானி இசைக் கலைஞர் அலி அக்பர் கானின் சரோத் (ஒரு தந்தி வாத்தியம்) தட்டு ஒன்று அமெரிக்காவில் வெளிவந்தது. பக்கத்துக்கு ஒரு ராகம், மொத்தம் இரண்டே ராகங்கள். ஜாஸ் கலைஞர்கள் நீண்ட தனி வாசிப்புகளைத் தட்டில் பதிக்கத் துணிந்ததும் ஏறக்குறைய இதே ஆண்டுகளில்தான். ஒருவர் ஆலாபனையை விரிக்கிறார், இன்னொருவர் ஒரே சுர வரிசையைச் சுற்றிச் சுற்றி வருகிறார். இருவருக்கும் கிடைத்த புது வெளி ஒன்றே. கேட்கிற நமக்கும் இருபது நிமிடத்துக்கு ஒருமுறை எழுந்து போய்த் தட்டைத் திருப்ப வேண்டியிருக்கிறது. அந்த இடைவெளியில் 'அடுத்து என்ன' என்று மனம் தானாகவே யோசிக்கிறது. அந்தக் கேள்விக்கு அலமாரியில் பல வகைப் பதில்கள் இருக்க வேண்டும் என்பது என் ஆசை.

கேட்பதைப் போலவே பார்ப்பதிலும் இன்பம் உண்டு. தட்டை விளிம்பில் பிடித்து, விளக்கொளியில் சற்றுச் சாய்த்துப் பாருங்கள். தனிப் பியானோ மெல்ல வாசிக்கப்படும் பகுதியில், ஒலி பதிந்த பள்ளங்களான வரிகள் நெருங்கி, சீராக, கருமையாக இருக்கும். முழு ஆர்க்கெஸ்ட்ரா எழும்பும் இடத்தில் வரிகள் அகன்று, சாம்பல் நிறத்தில் மின்னும். சத்தம் கூடினால் வரி கூடுதலாக ஆடும், அதற்கு இடமும் கூடுதலாக வேண்டும் என்பதால் மூலத் தட்டில் வரியை வெட்டுபவர்கள் இடைவெளியைக் கூட்டிக் குறைத்து வைக்கிறார்கள். சிம்பொனியின் உச்சம் எங்கே வரப்போகிறது என்பது ஊசி வைப்பதற்கு முன்பே கண்ணுக்குத் தெரிந்துவிடுகிறது. எனக்கு மிகவும் பிடித்தது நடனப் பாடல்களின் தட்டு. 33⅓ வேகத்தில் தட்டு ஒரு சுற்றுச் சுற்ற 1.8 வினாடி ஆகிறது. நிமிடத்துக்கு நூறு தாள அடி விழும் பாட்டு என்றால் ஒரு சுற்றுக்குச் சரியாக மூன்று அடி. அந்த மூன்று அடிகளும் ஒவ்வொரு சுற்றிலும் அதே திசையில் விழுவதால், தட்டின் மேல் மூன்று ஆரங்கள் (மையத்திலிருந்து விளிம்புக்குப் போகும் கோடுகள்) நேராக ஓடும். தாளம் கொஞ்சம் கூடினாலோ குறைந்தாலோ ஆரங்கள் வளைந்து சுழலும். மனிதர் அடிக்கும் டிரம் என்றால் கோடு லேசாகத் தடுமாறும். காலப்பிரமாணம் (தாளத்தின் வேகம்) என்று காதால் கேட்டதைக் கண்ணால் பார்க்கிற இந்த அனுபவத்துக்கு ஒரே வகைத் தட்டுகள் போதாது, ஒப்பிட்டுப் பார்க்க நாலு வகையாவது வேண்டும்.

இன்னொன்று. தட்டின் சுற்று வேகம் மாறாது, ஆனால் ஊசிக்குக் கீழே ஓடும் வரியின் வேகம் மாறும். வெளி விளிம்பில் வினாடிக்கு ஏறத்தாழ 50 சென்டிமீட்டர், உள்ளே லேபிளை நெருங்கும்போது 20 சொச்சம். அதே இசையைப் பாதிக்கும் குறைவான நீளத்தில் எழுத வேண்டும் என்பதால் உள் வரிகளில் உச்ச சுரங்கள் கரகரக்க வாய்ப்பு அதிகம். சிம்பொனிக்கு இது பெரிய சோதனை, அதன் மகா முழக்கம் பெரும்பாலும் கடைசியில்தானே வருகிறது! ராக் தொகுப்புகளில் மெல்லிய பாடலைப் பக்கத்தின் முடிவில் வைக்கும் வழக்கம் இருந்ததற்கு இது ஒரு காரணம். எழுபதுகளின் நடுவில் டிஸ்கோ நடன இசைக்காரர்கள் வேறு வழி கண்டார்கள். பன்னிரண்டு அங்குலத் தட்டில் ஒரே ஒரு பாட்டு, அகன்ற வரிகள், ஓங்கிய பாஸ் (கீழ்ச் சுர ஒலி). ரெகேக்காரர்களும் அதைப் பிடித்துக்கொண்டார்கள். ஒரு மாலையில் சிம்பொனி, ராக், டிஸ்கோ மூன்றையும் வரிசையாகப் போட்டுக் கேட்டால், ஒரே சிக்கலை மூன்று இசைகளும் எப்படிச் சந்தித்தன என்பது காதில் விழும்.

என் அலமாரியில் வகைவாரியான அடுக்கு கிடையாது. பதிவான ஆண்டுப்படி அடுக்கியிருக்கிறேன். அதனால்தான் பியானோ கலைஞர் கிளென் கூல்ட் 1955இல் வாசித்த, ஜெர்மானிய இசையமைப்பாளர் பாக்கின் கோல்ட்பெர்க் வேரியேஷன்ஸ், ஜாஸ் டிரம்பெட் கலைஞர் மைல்ஸ் டேவிஸின் 1959ஆம் ஆண்டு 'கைண்ட் ஆஃப் புளூ'வுக்குச் சற்றுத் தள்ளி நிற்கிறது. இரண்டும் ஒரே இடத்தில் பதிவானவை. நியூயார்க்கில் முன்பு தேவாலயமாக இருந்து, பிறகு கொலம்பியாவின் 30ஆம் தெரு ஒலிப்பதிவுக் கூடமாக மாறிய கட்டடம் அது. உயர்ந்த கூரை, மரத் தரை. பியானோவின் ஓசை அடங்குகிற விதத்தையும், டிரம்பெட் நின்ற பிறகு ஒரு கணம் தங்குகிற காற்றையும் கவனியுங்கள். இரண்டு இசைகளுக்கும் பின்னால் ஒரு கட்டடம் இருப்பது புரியும். ஒருவர் பதினெட்டாம் நூற்றாண்டுச் சுரலிபியை வாசிக்கிறார், இன்னொருவர் அந்த நேரத்தில் தோன்றுவதை வாசிக்கிறார். அறை இருவரையும் ஒரே மாதிரி வாங்கிக்கொள்கிறது. வகைவாரியாக அடுக்கியிருந்தால் இந்த இரண்டு தட்டுகளும் அறையின் எதிரெதிர் மூலைகளில் இருந்திருக்கும்.

அந்த மைல்ஸ் டேவிஸ் தட்டில் ஒரு விசேஷமும் உண்டு. 1959 மார்ச்சில் முதல் பக்கத்துக்கான பதிவு நடந்தபோது, மூல நாடா இயந்திரம் சற்று மெதுவாக ஓடியிருக்கிறது. அந்த நாடாவைப் பிறகு சரியான வேகத்தில் ஓட்டித் தட்டு தயாரித்ததால், பழைய அச்சுகளில் முதல் பக்கம் கொஞ்சம் வேகமாகவும் சுருதி சற்று ஏறியும் ஒலிக்கும். ஏப்ரலில் பதிவான இரண்டாம் பக்கம் சரியாக இருக்கும். 1992இல் வெளியான மறுபதிப்பில்தான் இதைத் திருத்தினார்கள். பழைய அச்சு கையில் இருந்தால், தம்புரா சுருதியில் ஊறிய கச்சேரித் தட்டு ஒன்றை முதலில் முழுவதும் கேட்டுவிட்டு இதைப் போடுங்கள். சுருதியைக் கெட்டியாகப் பிடித்துக்கொண்ட காதுக்கு, பக்கம் திரும்பும்போது ஏதோ இறங்கியது போலத் தோன்றும். ஒரு சங்கீதம் பழக்கிய காது இன்னொரு சங்கீதத்தைத் துல்லியமாகக் கேட்பதில் எனக்குச் சொல்லி முடியாத மகிழ்ச்சி. கூல்டின் பாக் முடிந்த கையோடு, தியாகராஜருக்கும் பாக்குக்கும் சமர்ப்பணமாக 1986இல் இளையராஜா தந்த 'ஹௌ டு நேம் இட்'டைப் போட்டுப் பாருங்கள். தந்திகள் ஒன்றையொன்று துரத்தும் இடங்களில் அவர் யாரோடு பேசுகிறார் என்பது யாரும் விளக்காமலே தெரியும்.

ஒரே வகையில் ஊறியவர்களை நான் குறைத்துச் சொல்லமாட்டேன். ஒரே கலைஞரின் எல்லா அச்சுகளையும் ஒப்பிட்டுக் கேட்டவரின் அறிவு எனக்கு வராது. ஆனால் பல வகை வைத்திருப்பவர் மேலோட்டமானவர் என்பது தவறு. வாங்கிய தட்டைத் திரும்பத் திரும்பக் கேட்டால் ஆழம் வந்துவிடும். முதல் தடவையில் ஒட்டாத தட்டுக்கு இன்னும் சில தடவை இடம் கொடுங்கள். அதன் பிறகும் ஒட்டவில்லை என்றால் விரும்புகிறவருக்குக் கொடுத்துவிடுங்கள். பராமரிப்பு எல்லா வகைக்கும் ஒன்றுதான். நிமிர்த்தி நிறுத்துங்கள், வெயில் படாமல் வையுங்கள், ஊசி வைக்குமுன் தூசி தட்டுங்கள். 78 சுற்றுத் தட்டுக்கு மட்டும் அகலமான தனி ஊசி வேண்டும், எல்பி ஊசியை அதில் வைக்காதீர்கள்.

கலந்து வாங்குவதற்கு ஒரு வழி வேண்டும் என்றால், உங்களுக்கு மனப்பாடமான ஒரு தட்டின் அட்டையைத் திருப்பிப் பாருங்கள். பதிவான ஆண்டு, கூடம், ஒலிப்பதிவாளர் பெயர், உடன் வாசித்தவர்கள் எல்லாம் பொடி எழுத்தில் இருக்கும். அதில் ஏதாவது ஒன்றைப் பிடித்துக்கொண்டு, அதே ஆண்டிலோ அதே கூடத்திலோ பதிவான, நீங்கள் இதுவரை தொடாத வகைத் தட்டு ஒன்றைத் தேடி வாங்குங்கள். இரண்டையும் ஒரே மாலையில், பக்கத்துக்குப் பக்கம் மாற்றி மாற்றிக் கேளுங்கள். நண்பர்களையும் கூப்பிட்டு உட்கார வையுங்கள்.