கோச்சுக்கு யார் எழுதுவது?

அன்புள்ள ஐயா,

டல்லாஸ் பக்கம் இருக்கிறோம். மகள் பத்தாம் வகுப்பு, 800 மீட்டர் ஓடுகிறாள். கல்லூரி அணியில் ஓட வேண்டும் என்று ஆசைப்படுகிறாள். இருபது கோச்சுகளுக்கு நானே மெயில் போட்டேன், ஒருவரும் பதில் போடவில்லை. நம்மவர் பிள்ளை என்பதாலா? 3,000 டாலர் கொடுத்தால் கோச்சுகளிடம் பேசித் தருவதாக ஒரு ஏஜென்சி சொல்கிறது. கொடுக்கலாமா? உங்கள் மகன் இதே வழியில் போனவன் என்பதால் கேட்கிறேன்.

— ஒரு வாசகர்

அன்புள்ள நண்பருக்கு,

கொடுக்காதீர்கள். அந்தப் பணத்தில் அவளை நாலு நல்ல போட்டிகளுக்குக் கூட்டிப் போங்கள்.

பதில் வராததற்கு உங்கள் பெயர் காரணமல்ல. தடகளத்தில் டிவிஷன் 1 (கல்லூரி விளையாட்டின் மூன்று நிலைகளில் முதல் நிலை) கோச்சுகள், மாணவி பத்தாம் வகுப்பு முடித்த பின் வரும் ஜூன் 15 வரைக்கும் அவளுடன் சேர்க்கை பற்றிப் பேசக் கூடாது. அது கல்லூரி விளையாட்டுகளை நிர்வகிக்கும் என்சிஏஏ அமைப்பின் விதி. மெயிலைப் படிக்கலாம், பதில்தான் போட முடியாது. டெல்லியில் வளர்ந்த தேஜஸ்வின் சங்கர் கான்சாஸ் ஸ்டேட் பல்கலைக்கழகத்துக்காக உயரம் தாண்டி 2018, 2022 இரண்டு வருடமும் என்சிஏஏ சாம்பியன் ஆனார். கோச்சுக்கு உயரமும் நேரமும்தான் கண்ணில் படும்.

ஓட்டத்தில் நம் நிலையை நாமே தெரிந்துகொள்ளலாம். அவளுக்குப் பிடித்த கல்லூரி எந்த கான்ஃபரன்ஸில் (தங்களுக்குள் போட்டியிடும் கல்லூரிகளின் குழு) இருக்கிறது என்று பார்த்து, சென்ற வருடத்து கான்ஃபரன்ஸ் போட்டி முடிவுகளை எடுங்கள். 800 மீட்டரில் எட்டாவதாக வந்த பெண்ணின் நேரம் என்ன? பெரும்பாலும் முதல் எட்டு இடத்துக்குத்தான் புள்ளி. அந்த நேரத்தை இரண்டு வருடத்தில் தொடக்கூடிய பிள்ளையைத்தான் கோச் தேடுகிறார். அந்த நேரம் எட்டாது என்று தோன்றினால் மூன்றாம் நிலையான டிவிஷன் 3 பாருங்கள். அங்கே விளையாட்டு உதவித்தொகை கிடையாது (ஹார்வர்டு போன்ற ஐவி லீக் கல்லூரிகளிலும் கிடையாது), ஆனால் படிப்புக்கான உதவி நன்றாகவே கிடைக்கும். கல்லூரி வீரர்கள் என்சிஏஏ மீது போட்ட வழக்கில் 2025-ல் வந்த தீர்வுக்குப் பிறகு பல டிவிஷன் 1 கல்லூரிகளில் தடகள அணிக்கு 45 பேர் என்று வரம்பு வந்துவிட்டது. ஓரத்தில் ஒட்டிக்கொள்ளும் இடங்கள் அங்கே குறைந்துவிட்டன.

இனி நான் முக்கியமாகச் சொல்ல நினைப்பது. மெயிலை அவள் எழுதட்டும். என் மகனுக்கு முதல் கோச் போன் செய்தபோது நாங்கள் சாப்பிட்டுக்கொண்டிருந்தோம். தட்டில் தோசை ஆறிக்கொண்டிருந்தது. நான் எதிரில் உட்கார்ந்து துண்டுத்தாளில் பதில்களை எழுதி எழுதி நீட்டினேன். மூன்றாவது தாளை அவன் படிக்காமலே கவிழ்த்து வைத்தான். கோச் கேட்டது, போன வாரம் தோற்ற ஓட்டத்தில் கடைசி 200 மீட்டரில் என்ன நடந்தது என்று. அது எனக்கு எப்படித் தெரியும்? அவன் பத்து நிமிடம் பேசினான். அந்தக் கல்லூரியில்தான் சேர்ந்தான்.

மெயில் ஐந்தாறு வரி போதும்: பட்டம் பெறும் வருடம், சிறந்த நேரம், எந்தப் போட்டியில் ஓடியது, மதிப்பெண், ஏன் அந்தக் கல்லூரி. நேரம் குறையும்போதெல்லாம் மறுபடி ஒரு மெயில்.

பள்ளி கவுன்சிலரை இந்த மாதமே பாருங்கள். டிவிஷன் 1-க்கு என்சிஏஏ ஏற்கும் 16 பாடங்கள் வேண்டும், அவற்றில் 10 பன்னிரண்டாம் வகுப்பு தொடங்கும் முன்பே முடிந்திருக்க வேண்டும். நன்றாக ஓடும் பிள்ளைகள் இதில் மாட்டிக்கொள்வது வேதனை.

மகளின் நேரத்தை நீங்கள் எழுதவில்லை. அவளையே எழுதச் சொல்லுங்கள். எந்த கான்ஃபரன்ஸ் முடிவுகளைப் பார்க்கலாம் என்று அவளுக்குச் சொல்கிறேன்.