பூஞ்சை பிடித்த கேசட்டை டெக்கில் போடலாமா?

கேள்வி: 1992-ல் எடுத்த கல்யாண வி.ஹெச்.எஸ். கேசட் பரணில் கிடைத்தது. டேப் சுருள் மேல் வெள்ளை வெள்ளையாகப் படிந்திருக்கிறது. இரவலாக ஒரு டெக் (கேசட்டை ஓட்டும் வி.சி.ஆர்.) கிடைத்திருக்கிறது. போட்டுப் பார்க்கலாமா?
– வாசகி, கும்பகோணம்

வேண்டவே வேண்டாம். அது பூஞ்சை. ஓடும்போது உதிர்ந்து, டேப்பைப் படிக்கும் ஹெட்டில் அடைத்துக்கொள்ளும். படம் முழுக்கப் புள்ளிமழையாகிவிடும், அடுத்துப் போடும் நல்ல கேசட்டுக்கும் தொற்றும். சுருளின் ஓரங்கள் ஒட்டியிருந்தால் டேப் அறுந்தே போகும். 2016-க்குப் பிறகு புது டெக் தயாரிப்பே இல்லை என்பதால், இரவல் டெக்கைக் கெடுத்தால் பதிலுக்கு வாங்கித் தருவதும் கஷ்டம்.

கேசட்டின் அடியில் ஐந்து ஸ்க்ரூ இருக்கும். அவற்றைக் கழற்றித் திறந்ததும், சுருள்களை எடுக்குமுன், உள்ளே டேப் எந்த வழியாகச் சுற்றி வருகிறது என்று போட்டோ எடுத்துக்கொள்ளுங்கள். முகக்கவசம் போட்டு, வீட்டுக்கு வெளியே உட்கார்ந்து, நூல் உதிராத துணியில் ஐசோபுரொப்பைல் ஆல்கஹாலை லேசாகத் தொட்டுச் சுருளின் பக்கங்களைத் துடையுங்கள். நன்றாகக் காய்ந்த பிறகு சுருள்களை வேறொரு சுத்தமான கேசட் கூட்டுக்கு மாற்றுங்கள். பூஞ்சை சுற்றுகளுக்கு நடுவிலும் இறங்கியிருந்தால் கைவைக்காமல் அனுபவசாலியிடம் கொடுத்துவிடுங்கள்.

கேசட்டின் முதுகு ஓரத்தில் உள்ள சின்ன பிளாஸ்டிக் தகட்டையும் உடைத்துவிடுங்கள். பிறகு யாராவது தவறி ரெக்கார்டை அழுத்தினாலும் கல்யாணம் அழியாது.

கேள்வி: கேசட்டைக் கம்ப்யூட்டருக்கு மாற்றும் யு.எஸ்.பி. கேப்சர் கருவியில் பதிந்தால், போகப் போக நாதஸ்வரம் ஒரு பக்கம், படம் ஒரு பக்கம். ஏன்?
– வாசகர், விருதுநகர்

டேப் பழசானால், படத்தை நேரப்படி ஒழுங்காக வைக்கும் சிங்க் சிக்னல் தள்ளாடும். மலிவுக் கருவி அதைப் பிடிக்க முடியாமல் சில ஃப்ரேம்களை (தனித்தனிப் படங்களை) விட்டுவிடுகிறது, ஒலியோ விடாமல் பதிவாகிறது. நம் ஊர் வீடியோ முறையான ‘பால்’ (PAL) கணக்கில் மணிக்கு 90,000 ஃப்ரேம். அதில் 250 போனால் பத்து நொடி விலகல்.

முதலில் ஹெட்டைச் சுத்தம் செய்யுங்கள். ஆல்கஹால் தொட்ட சாமாய் தோலை (துடைக்கும் மெல்லிய தோல்) ஹெட் பொருத்திய டிரம்மின் மேல் அசையாமல் பிடித்து, டிரம்மைக் கையால் சுழற்றுங்கள். மேலும் கீழுமாகத் தேய்த்தால் ஹெட் உடையும். காது குடையும் பஞ்சு கூடவே கூடாது. அதன் பிறகும் ஃப்ரேம் விழுந்தால் டெக்குக்கும் கருவிக்கும் நடுவே, தள்ளாடும் சிக்னலை நேர்செய்யும் டைம் பேஸ் கரெக்டர் வேண்டும். அது விலை அதிகம். சில பழைய டி.வி.டி. ரெக்கார்டர்கள் வழியாக சிக்னலை அனுப்பினாலே பெரும்பாலும் சரியாகிவிடும். பதியும்போது வெர்ச்சுவல்டப் என்ற மென்பொருளில் விழுந்த ஃப்ரேம் எண்ணிக்கையைப் பாருங்கள். அளவு 720 x 576, வினாடிக்கு 25 ஃப்ரேம். கருவியோடு வரும் மென்பொருள் பலசமயம் அமெரிக்க முறையான என்.டி.எஸ்.சி.யில் நிற்கும், மாற்றுங்கள்.

கேள்வி: டி.வி.டி.யில் ஏற்றி வைத்தால் போதுமா?
– வாசகர், திருச்சி

போதாது. வீட்டில் எழுதிய டிஸ்க் சில வருடங்களில் படிக்க முடியாமல் போகலாம். தரம் இழக்காத மூலக் கோப்புக்கு மணிக்கு 30 ஜி.பி. வரை ஆகும், பார்ப்பதற்கான எம்.பி.4-க்கு நான்கு போதும். இரண்டு ஹார்ட் டிஸ்க்கில் ஏற்றி, ஒன்றை வேறு வீட்டில் வையுங்கள். கேசட்டைத் தூக்கிப் போடாதீர்கள். முழுக்க ரீவைண்ட் செய்து, நிமிர்த்தி நிற்கவைத்து அலமாரியில் வையுங்கள், பரணில் மட்டும் வேண்டாம்.