பெயர் வேறு, பற்றும் இடம் ஒன்று: பூச்சிநாசினிகள் பற்றிய கேள்வி பதில்

பரந்தன், நெற்செய்கையாளர்: ஐயா, காலபோகத்தில் நெற்தண்டில் சாறு உறிஞ்சும் அறக்கொட்டிக்கு டயசினோன் அடித்தும் கேட்கவில்லை. கடைக்காரர் பி.பி.எம்.சி.க்கு மாறச் சொல்கிறார். அது வேறு மருந்துதானே?

பதில்: கட்டமைப்பில் வேறுதான், டயசினோன் கரிம பொசுபரசுச் சேர்வை, பி.பி.எம்.சி. காபமேற்று. ஆனால் டயசினோன் பூச்சியின் உடலுக்குள் உருமாறியபின் பற்றுவதும், பி.பி.எம்.சி. நேரடியாகவே பற்றுவதும் அசற்றைல்கோலினெஸ்தரேஸ் என்ற ஒரே நொதியத்தை, அதிலும் செரீன் என்ற ஒரே அமினோவமிலத்தைத்தான். நரம்புச் செய்தி முடிந்ததும் அசற்றைல்கோலினைச் சிதைக்க வேண்டிய அந்த நொதியம் முடங்கினால் பூச்சி நடுங்கிச் சாகும். ஆகவே, அந்த நொதியம் மாறுபட்டதால் ஒரு மருந்துக்குத் தப்பிய அறக்கொட்டி மற்றதற்கும் தப்பக்கூடும். பூச்சிநாசினிகளைச் செயற்படும் விதத்தின்படி பிரிக்கும்போது காபமேற்றுகளுக்கு 1ஏ, கரிம பொசுபரசுக்கு 1பி என்று குழு எண் கொடுத்திருப்பதும் இதனால்தான்: மருந்தை மாற்றுவதென்றால் எண் மாற வேண்டும், எழுத்து மாறினால் போதாது. அதற்கு முன் தூரைப் பிரித்து, நீர்மட்டத்துக்குச் சற்று மேலே தண்டைப் பாருங்கள். பூச்சி அங்கேதான் இருக்கும். இலைநுனியில் விசிறிய மருந்து அங்கே போய்ச் சேர்ந்திராது. அறக்கொட்டியைத் தின்னும் சிலந்திகள் நிறைய ஓடினால் அடிக்காமல் விடுவதே நல்லது.

வவுனியா, உயர்தர மாணவி: இலக்கு ஒன்றென்றால் நஞ்சும் ஒன்றா, ஐயா?

பதில்: இல்லை, பிள்ளை. காபமேற்று பெரும்பாலும் ஒரு நாளுக்குள் செரீனிலிருந்து தானாக விடுபடும். பொசுபரசுச் சேர்வை மிக மெதுவாகவே விடும். நேரம் போனால் அதன் ஒரு பகுதி கழன்று பிணைப்பு இறுகிவிடும், பிறகு பிரலிடொக்சைம் என்ற மாற்று மருந்தைக் கொடுத்தும் நொதியத்தை மீட்க முடியாது. அத்திரோப்பின் என்ற மற்றொரு மாற்று மருந்து இரண்டு நஞ்சுக்கும் உதவுவது, அது நொதியத்தைத் தொடாமல், அசற்றைல்கோலினின் செய்தியை ஏற்கும் மஸ்கரினிக் வாங்கிகளை அடைப்பதால். ஒப்பிடும்போது எங்கே பற்றுகிறது என்பதோடு எவ்வளவு நேரம் பற்றுகிறது என்றும் கேட்க வேண்டும். மயஸ்தீனியா என்ற தசைத் தளர்ச்சி நோயாளருக்குக் கொடுக்கும் நியோஸ்டிக்மினும் ஒரு காபமேற்றுத்தான்.

மாங்குளம், வீட்டுத்தோட்டம்: புகையிலைக் கசாயம் இயற்கையானது. இமிடாகுளோபிரிட்டை விட அது பாதுகாப்பானதல்லவா?

பதில்: புகையிலையில் உள்ள நிக்கொட்டினும் செயற்கை மருந்தான இமிடாகுளோபிரிட்டும் பற்றுவது நிக்கொட்டினிக் அசற்றைல்கோலின் வாங்கிகளையே. இமிடாகுளோபிரிட் பூச்சியின் வாங்கியை இறுகவும் மனித வாங்கியைத் தளர்வாகவும் பற்றும். நிக்கொட்டினோ நம்முடையதையும் நன்றாகவே பற்றும், தோலூடாகவும் உட்புகும். எனவே கசாயத்தை வெறுங்கையால் கலக்காதீர்கள். தேனீக்கு இமிடாகுளோபிரிட் கொடியது என்பதையும் சேர்த்தே சொல்ல வேண்டும்.

முல்லைத்தீவு: குழு எண்ணை எப்படி அறிவது?

பதில்: போத்தலில் உள்ள வணிகப் பெயரை விட்டுவிட்டு, செயற்படு பொருளின் பெயரைக் குறித்துக்கொண்டு விவசாயப் போதனாசிரியரிடம் கேளுங்கள். ஒரே பொருள் பல பெயர்களில் விற்கப்படுகிறது.