பனியா, புகையா?

கேள்வி: தை பிறந்ததிலிருந்து விடியற்காலையில் ஊரே வெள்ளையாக இருக்கிறது. எங்கள் பக்கம் பெரிய ஆலை எதுவும் கிடையாது. ஆனாலும் செல்போனில் காற்றுத் தரம் 155 என்று சிவப்பில் காட்டுகிறது. மாமனாருக்கு இளைப்பு உண்டு. காலை 5 மணி நடையை விடமாட்டேன் என்கிறார். இது பனியா, புகையா?
- மன்னார்குடி அருகிலிருந்து ஒரு வாசகி

இரண்டும்தான். என் அம்மா ஒரு சோதனை வைத்திருந்தார். ராத்திரி கொடியில் விட்டுவிட்ட துண்டைக் காலையில் எடுத்து முகர்ந்து பார்ப்பார். வெறும் ஈர வாடை என்றால் பனி. புகை வாடை அடித்தால் அன்றைக்கு அப்பாவைக் கொல்லைப் பக்கம்கூட விடமாட்டார். அப்பாவுக்கும் இளைப்புதான்.

மழை ஓய்ந்து வானம் தெளிந்துவிட்டால், ராத்திரியில் தரை சீக்கிரம் குளிர்ந்துவிடும். அதை ஒட்டிய காற்றும் குளிர்ந்து கனத்துக் கீழேயே தங்கும். அதற்கு மேலே இருப்பது வெதுவெதுப்பான காற்று. பானைக்கு மூடி போட்ட மாதிரி ஆகிவிடுகிறது. சாயங்காலம் யாரோ அறுத்த வயலில் நெல் தாளுக்கு வைத்த நெருப்பு, நெல் அவிக்கிற மில்லின் உமிப் புகை, தெருமுனைக் குப்பை, நம் வீட்டு வெந்நீர் அடுப்பு எல்லாம் விடியும்வரை அந்த மூடிக்குக் கீழேதான். இதே புகை ஆடியில் வந்திருந்தால் காற்று அள்ளிக்கொண்டு போயிருக்கும். புகைத் துகளில் ஈரமும் ஏறுவதால் மூட்டம் இன்னும் தடிக்கிறது. வெயில் ஏறித் தரை சூடான பிறகுதான், 9 மணி வாக்கில், மூடி விலகும்.

அதனால் மாமனாரின் நடையைச் சாயங்காலம் 4 மணிக்கு மாற்றுங்கள். ஜன்னலையும் வெயில் ஏறிய பிறகு திறந்தால் போதும். காலையில் எழுந்ததும் திறந்துவிடுவது நல்ல பழக்கம்தான், தை மாசியில் மட்டும் வேண்டாம்.

அந்த 155-ஐப் பற்றியும் சொல்லவேண்டும். செல்போன் செயலிகள் பல அமெரிக்கக் கணக்கில் காட்டுகின்றன. ஒரு கன மீட்டர் காற்றில் 60 மைக்ரோகிராம் நுண்துகள் இருந்தால் அந்தக் கணக்கில் 150-ஐத் தாண்டிச் சிவப்பு. நம் நாட்டுக் கணக்கில் அதே காற்று 100, இளம்பச்சை! சிவப்பைப் பார்த்துப் பதறவும் வேண்டாம், பச்சையைப் பார்த்து மகிழவும் வேண்டாம். உலக சுகாதார நிறுவனம் 2021-இல் வகுத்த ஒருநாள் அளவு வெறும் 15 மைக்ரோகிராம். சின்ன ஊர்களில் பல நேரம் கருவியே இருக்காது, செயற்கைக்கோளை வைத்துப் போட்ட கணக்காக இருக்கும். நான் துண்டைத்தான் நம்புகிறேன்.

கேள்வி: வயலில் வைக்கோலைக் கொளுத்துவதில் நம் டெல்டாவும் பஞ்சாப் ஆகிவருகிறதா?
- கும்பகோணம் வாசகர்

அந்த அளவுக்கு இல்லை. அங்கே நெல் அறுத்துக் கோதுமை விதைக்க இரண்டு மூன்று வாரம்தான் கிடைக்கிறது, அந்த அவசரத்தில் கொளுத்துகிறார்கள். நாமோ சம்பா நிற்கும்போதே, அறுப்புக்கு ஒரு வாரம் பத்து நாள் முன்னால் உளுந்தும் பயறும் தெளித்துவிடுகிறோம். முளைத்த உளுந்தின் மேல் யார் நெருப்பு வைப்பார்? வைக்கோல் தின்ன மாடும் இருக்கிறது.

ஆனால் ஈரம் காயாத வயலில் செயின் வைத்த அறுவடை மெஷின் இறங்கினால் உளுந்து நசுங்கிவிடும், வைக்கோலும் சேற்றில் மிதிபட்டு வீணாகும். கொளுத்துவது பெரும்பாலும் அந்த வயல்காரர்தான். நானும் கொளுத்தியவன். பொங்கலுக்கு அப்புறம் பெய்த மழையில் கெட்டுப்போன மூன்று மா நிலத்து வைக்கோலுக்கு, காற்று அடங்கினால் தீ பரவாது என்று பொழுது சாய்ந்ததும் நெருப்பு வைத்தேன். தீ பரவவில்லை. புகையும் நகரவில்லை. எதிர்வீட்டுக் குழந்தை ராத்திரி முழுக்க இருமியதை அதன் பாட்டி என்னிடம் சொல்லவில்லை, என் மனைவியிடம் சொன்னார். அதற்கப்புறம் கெட்ட வைக்கோலை ரோட்டவேட்டர் விட்டு மண்ணோடு உழுதுவிடுகிறேன்.

கேள்வி: களத்து வேலைக்கு மூக்கில் துண்டு கட்டினால் போதுமா?
- வலங்கைமான் வாசகர்

நெல்லின் அரிக்கும் சுனைக்கும் பதர்த் தூசிக்கும் ஓரளவு தாங்கும். புகைக்குத் தாங்காது. அந்தத் துகள் தலைமுடித் தடிமனில் கிட்டத்தட்ட முப்பதில் ஒரு பங்கு, துண்டின் இழைக்குள் சுலபமாகப் புகுந்துவிடும். என்95 முகக்கவசம் வாங்குங்கள். கொரோனா சமயத்தில் வாங்கியது பீரோவில் கிடந்தால், எலாஸ்டிக் தொய்ந்திருக்கிறதா என்று முதலில் இழுத்துப் பாருங்கள்.