டாப் 14 ரக்பியில் முதல் நான்கைந்து சுற்றுகளின் புள்ளிப் பட்டியலை நம்பலாமா?

கேள்வி இதுதான்: பிரான்சின் முதல்நிலை ரக்பி லீக்கான டாப் 14 தொடங்கி நான்கு வாரம்தான் ஆகிறது, பெரிய அணிகள் கீழே கிடக்கின்றன, இதற்கு அர்த்தம் உண்டா?

பாதி உண்டு. 14 அணிகள், 26 சுற்றுகள். ஆகஸ்ட் கடைசியிலோ செப்டம்பர் தொடக்கத்திலோ ஆரம்பித்து, ஜூனில் இறுதிப்போட்டி. ஜூலையில் பிரான்ஸ் அணிக்கு ஆடியவர்களுக்குக் கட்டாய ஓய்வு இருப்பதால், துலூஸ் மாதிரி அணிகள் முதல் வாரங்களில் முழுப் பலத்தோடு இறங்குவதே இல்லை.

பட்டியலைவிட எங்கே ஆடினார்கள் என்று பாருங்கள். சொந்த ஊரில் ஜெயிப்பது அங்கே கடமை மாதிரி. வெளியூரில் ஜெயிப்பதுதான் லாபம். கிளேர்மோன் அணி 2009 முதல் 2014 வரை சொந்த மைதானத்தில் 77 ஆட்டங்கள் தோற்காமல் இருந்தது என்றால் பார்த்துக்கொள்ளுங்கள்! அதனால் இரண்டு வெளியூர் ஆட்டங்களோடு தொடங்கிய அணி 12ஆம் இடத்தில் இருந்தால் பதறத் தேவையில்லை.

அப்புறம் போனஸ் புள்ளி. வெற்றிக்கு 4. எதிரணியைவிட மூன்று ட்ரை (பந்தை எதிரணியின் கோட்டைத் தாண்டித் தரையில் வைப்பது) கூடுதலாகப் போட்டு ஜெயித்தால் இன்னொன்று. 5 புள்ளிகளுக்குள் தோற்றாலும் ஒன்று கிடைக்கும். நான்குக்கு ஒன்று என்று ட்ரை கணக்கில் முன்னால் நிற்கும்போது, 80ஆவது நிமிடத்தில் எதிரணி ஒரு ட்ரை போட்டால் வெற்றி அப்படியே இருக்கும், போனஸ் போய்விடும். தோற்ற அணி கொண்டாடும் வினோதம் அப்போதுதான்.

கடைசி இடம் நேராக இரண்டாம் நிலை லீக்கான ப்ரோ டி2-வுக்கு இறக்கிவிடும். 13ஆவது அணி இடத்தைத் தக்கவைக்கத் தகுதி ஆட்டம் ஆட வேண்டும். சிறிய அணிகள் செப்டம்பரிலேயே உயிரைக் கொடுத்து ஆடுவது அதனால்தான்.